தேடப்படும் தோட்டா

காசிமிரா திக்கோனாவின் தலைக்கு
விலை எழுதியவன் நான்தான்.
நெமேசியோ கோப்பா, காவல் மனை எழுத்தர்,
ஒக்கேட்டர் உப்புப் பள்ளம், சீரிஸ் குறுங்கோள்.
முதலில் நானூறு. பிறகு நாலாயிரம்.
படத்தில் மூக்கைக் கொஞ்சம் கோணலாக வரைந்துவிட்டேன்.
கோணல் மூக்குப் பெண்களுக்கெல்லாம்
அந்த வருஷம் கடையில் கடன் கிடைத்தது.

அவள் திருடியது காற்று.
கம்பெனி வண்டி பள்ளத்தின் விளிம்பில் ஏறும்போது
பாறையிலிருந்து தாவுவாள்.
இங்கே தாவினால் தரைக்கு வர அரை நிமிடம் ஆகும்,
அதற்குள் காவலாளி ஒரு ஜெபம் முடிக்கலாம்.
பலர் முடித்தார்கள்.
சிலிண்டர்கள் மூன்றாம் சுரங்கக் குடில்களுக்குப் போகும்,
மூச்சுக்கு வாடகை பாக்கி வைத்தவர்களின் வாசலுக்கு.
எல்லாவற்றையும் வாரிக் கொடுத்தாள் என்பார்கள்.
பாதியை விற்றாள். ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன.

கடைசி நாள் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள்:
வெள்ளை உப்புவெளியில் இருவர்,
அவளும் ஷெரீஃப் அன்செல்மோ வாராச்சியும்.
அவள் சுட்டாள், அவர் குனிந்தார்.
சத்தமில்லை. சத்தத்துக்கும் காற்று வேண்டுமே.
தோட்டா அவர் தலைக்கு மேலே போனது,
போனது,
விழ மறந்துவிட்டது.
இந்தக் குட்டி உலகின் வளைவைப் பிடித்துக்கொண்டு
இரண்டே கால் மணிக்கு ஒருமுறை
இன்னும் வருகிறதாம், தோள் உயரத்தில்.

அதனால் குனிகிறார்கள்.
மேற்குச் சரிவில் யாரோ கை தூக்க
இருநூறு பேர் துளைக்கருவியை நிறுத்திவிட்டு
முழங்காலில் கை ஊன்றிப் பத்து எண்ணுவார்கள்.
எண்ணும்போது சிலர் சிரிப்பார்கள்,
சிலர் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள்,
எலியோதோரோ மட்டும் ஒவ்வொரு தடவையும்
இருபது எண்ணுவான், கணக்கு வராதென்று.
குனியக் குனியக் குட்டுவார்கள் என்பது பழமொழி.
இங்கே குனியக் குனியக் கம்பெனிக்கு
நாளொன்றுக்கு நாலு டன் உப்பு குறைகிறது.

பூமியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார், ஸ்டெய்னார் வீக்.
பலகையில் வட்டம் போட்டார், அம்புக்குறி போட்டார்.
முதல் சுற்றிலேயே மலையில் மோதியிருக்கும் என்றார்.
துளைக்காரி சத்துர்னீனா சோக்கே
முகக்கவசத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"மலையும் குனியும், ஐயா."

மறுவாரம் மேலாளர் என்னை அழைத்தார்.
புது அறிவிப்பு எழுதச் சொன்னார். எழுதினேன்.
தேடப்படுவது: தோட்டா, ஒன்று.
நிறம்: ஈயம். உயரம்: தோளளவு.
நிரந்தர முகவரி: இல்லை.
கடைசியாகக் காணப்பட்ட இடம்: எல்லா இடமும்.
பிடித்துத் தருவோர்க்கு ஆறாயிரம்.
காசிமிராவுக்குக் கூட நான் அவ்வளவு எழுதியதில்லை.

இனி யாரிடமும் சொல்லாதது.
அவளைக் கண்டெடுத்த வண்டியில் நானும் இருந்தேன்.
உப்புப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்,
யாருக்கோ காத்திருப்பவள்போல.
கவசக் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம் வெடித்திருந்தது,
கடையில் மூன்று காசு.
ஷெரீஃப் அன்று பல்வலியோடு படுத்திருந்தார்.
துப்பாக்கி என் மேசை இழுப்பறையில்,
சான்றுப் பொருள் நாற்பத்தொன்று.
ஆறு அறை. ஆறு தோட்டா.
பதினொரு வருஷமாக, மாதக் கடைசியில்,
எண்ணிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.
ஆறு. ஆறு. ஆறு.

நேற்று தலைமையகத்திலிருந்து கடிதம்:
வதந்தியை முடித்துவைக்க
சான்றுப் பொருள் நாற்பத்தொன்றைச்
சுரங்க வாசலில், எல்லோர் முன்னும் திறந்து காட்டவும்.

இரவு இழுப்பறையைத் திறந்தேன்.
ஒன்றை உருவி எடுத்தேன். சின்னது, குளிர்ந்தது,
பிள்ளையின் சுண்டுவிரல் அளவு.
குப்பியை நசுக்கி உப்புநீர்த் தொட்டியில் போட்டேன்.
ஈயத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
பேரேட்டில் எழுதினேன்: ஐந்து.

காலையில் சுரங்க வாசலுக்குப் போகும் வழியில்
மேற்குச் சரிவில் ஒரு கை உயர்ந்தது.
பையில் அது என் விலாவை இடித்துக்கொண்டிருக்க,
நான்தான் முதலில் குனிந்தேன்.